தங்கூசியை வெட்டினது நான்தான்

என்ரை மனுசன் ஜோன்சன் ஒரு பயந்தவர். நையாண்டிக்குச் சொல்லேல்லை, இருபத்தாறு வருசம் கூட இருந்து பாத்துச் சொல்லுறன். அரசாங்கக் கடிதம் ஒண்டு வந்தா ரெண்டு நாள் பிரிக்காமல் பிரிட்ஜுக்கு மேலை வைச்சிருப்பார். மெற்றோவிலை கதவு மூடுற சத்தம் கேட்டா ஓடிப்போய் ஏறமாட்டார், அடுத்ததுக்கு நிப்பார். பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்கும் ஒரு பொன்ஜூர் சொல்லிப்போட்டுத்தான் கடந்து போவார். துறைமுகப் பக்கம் கொண்டெயினர் சாமான் இறக்கிற வெயார்ஹவுஸ் ஒண்டிலை இருபத்திரண்டு வருசமா போர்க்லிப்ட் ஓடுறார், ஒரு பெட்டி விழுத்தினது கிடையாது. பயந்தவன் ஓடினாப் பெட்டி விழாது எண்டு அவரே சொல்லுவார்.

இப்பிடிப்பட்ட மனுசன் போய் ஒரு வள்ளம் வாங்கினார்.

அதுக்கு முதல் நடந்ததைச் சொல்லவேணும். போன வருசம் மாசி மாசம் வாசலிலை சினோப் பனி வழிக்கேக்கை அவருக்கு நெஞ்சு நொந்தது. ஆஸ்பத்திரியிலை, இருதயத்துக்குப் போற குழாயிலை அடைப்பு எண்டு சொல்லி, ஸ்ரென்ற் ஒண்டு வைச்சு மூண்டாம் நாள் வீட்டை விட்டவை. திரும்பி வரேக்கை காருக்குள்ளை அவர் முதல் சொன்னது, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு. எங்கடை சனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் மெலனிக்கு இருபத்திநாலு வயது, ரெண்டு இடத்திலை கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தேப்பனுக்கு இருதய வருத்தம் எண்டு தெரிஞ்சா, பரம்பரை வருத்தமோ எண்டு மெல்லமாக் கேட்டுப்போட்டு மெல்லமா விலகிவிடுவினம். மெலனி தனக்கு ஒரு சம்பந்தமும் வேண்டாம் எண்டு பிரெஞ்சிலை சண்டை பிடிச்சாள். அவளை ஆர் கேட்டது?

கோயிலிலை அக்னெஸ் அக்கா விசாரிக்கேக்கை, வயித்திலை வாயு எண்டு சொன்னன். எங்கடை பங்கிலை சாப்பாடு, சாவீடு, கலியாணம் எல்லாத்தையும் முன்னுக்கு நிண்டு நடத்துறவ அவதான். நல்ல மனுசி, ஆனா அவவின்ரை காதிலை விழுந்தது ஞாயிறு பூசை முடிய முன்னம் ஆத்துக்கு அந்தப்பக்கம் லாவாலுக்குப் போயிடும். வாயு எண்டதை நம்பி எனக்கு ஒரு போத்தில் ஓமத்தண்ணி தந்துவிட்டவ. மனுசன் அதையும் குடிச்சார், பாவம்.

டொக்டர் அவரை நடக்கச் சொன்னவர், மனசுக்கு இதமா எதையாவது பழகவும் சொன்னவர். அந்த நேரம் பாத்து, அவரோடை வேலை செய்த றெஜான் எண்ட கிழவன் பென்ஷன் எடுத்தான். அவன் லொறி ஓட்டி, பிரெஞ்சுக்காரன், வாய் நிறையச் சிரிப்பு. தன்ரை பழைய அலுமினிய வள்ளத்தை இவருக்குக் கொஞ்ச விலைக்கு வித்து, லக் சென் லூயி எண்ட பெரிய வாவியிலை நாலைஞ்சு தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியும் விட்டான். பழக்கினது சின்ன மீன் பிடிக்க இல்லை. மஸ்கி எண்டு ஒரு சாதி மீன். பிரெஞ்சுக்காரர் மஸ்கினோஞ்சே எண்டு சொல்லுவினம். எங்கடை சீலா மீன் மாதிரி நீட்டு, வாய் நிறையப் பல்லு, ஒரு ஆறு வயதுப் பிள்ளையின்ரை உயரத்துக்கு வளரும். பத்தாயிரம் தரம் வீசினா ஒண்டு பிடிபடும் எண்டு றெஜான் சொன்னான். பிடிச்சாலும் சமைக்கிறேல்லை, படம் எடுத்துப்போட்டுத் தண்ணிக்குள்ளை விடுறதாம். நான் கேட்டன், அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறது எண்டு. ரெண்டுபேரும் என்னைப் பாத்த பார்வையிலை நான் குசினிக்குள்ளை போயிட்டன்.

சனம் என்ன நினைச்சுது தெரியுமோ? ஜோன்சன் மன்னார் ஆள், மீன்பிடி இரத்தத்திலை கிடக்கு எண்டு. அவற்றை தேப்பன் தபால் கந்தோரிலை முத்திரை குத்தினவர். இவர் இஞ்சை வந்து ஐம்பத்துமூண்டு வயதிலைதான் முதல் முதலாத் தூண்டில் தடி பிடிச்சவர். ஆனா அதையும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

ஏன் இந்த வில்லங்கம், அஹுன்ட்சிக்கிலை ஆத்தங்கரையிலை நடந்து திரியலாமே எண்டு நான் கேட்டதுக்கு, சாகப்போய்த் திரும்பி வந்தவன், இனியாவது பயமில்லாமல் ஒண்டு செய்யவேணும் எண்டார். ஆனா இப்பிடிச் சொன்ன மனுசன் ரீவி பாக்கேக்கை விரலாலை நாடியைப் பிடிச்சு எண்ணிக்கொண்டிருந்ததையும் நான் கண்டனான்.

தனிய விட ஏலுமோ? நானும் போனன். எனக்கு நீந்தத் தெரியாது, பாத்ரப்பிலை தண்ணி நிறைஞ்சாலே மூச்சு முட்டும். உயிர்க்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டி, ஒரு பொக்கற்றுக்குள்ளை செபமாலை, மற்றதுக்குள்ளை நெஞ்சு நொந்தா நாக்குக்குக் கீழை அடிக்கிற ஸ்பிறே. சனி தவறாமல் இப்பிடித்தான். அவர் தண்ணியைப் பாப்பார், நான் அவற்றை முகத்தைப் பாப்பன். முகம் வெளிறுதோ, வேர்க்குதோ, இடக்கையைத் தடவுறாரோ. மத்தியானம் கரைக்கு வந்து கால் மண்ணிலை பட்டாப்பிறகுதான் எனக்குப் பசிக்கும்.

வேலை ஒண்டும் லேசில்லை. மரத்தாலை செய்த பொய்மீன், என்ரை முழங்கை நீளம், அதிலை மும்முள்ளுக் கொழுக்கி ரெண்டு தொங்கும். அதைத் தூரத்துக்கு வீசிச் சுத்தி இழுக்கவேணும். வள்ளத்துக்குக் கிட்ட வந்தாப்பிறகும் தூக்கக்கூடாது. தடியின்ரை நுனியைத் தண்ணிக்குள்ளை விட்டு, மோட்டார்சைக்கிள் லைசென்சுக்கு ஓடுற மாதிரி எட்டு ஒண்டு போடவேணும். மஸ்கி பின்னாலை வந்து கடைசியிலைதான் கவ்வுமாம். ஆனி தொடங்கி ஐப்பசி வரைக்கும் அவர் எட்டுப் போட்டார். ஒரு பாசிக்கொடி தவிர ஒண்டும் கவ்வேல்லை. நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, ஒண்டும் பிடிபடவேண்டாம் எண்டுதான் மண்டாடினன். என்னத்துக்கு மறைக்க.

ஐப்பசியிலை தாங்ஸ்கிவிங் லீவு. குளிர், காத்து இல்லை, தண்ணி கறுப்பாக் கிடந்தது. பத்து மணி இருக்கும். அவர் எட்டிலை ரெண்டாவது வளைவு திரும்பேக்கை தடி அப்பிடியே தண்ணிக்குள்ளை போச்சு. சத்தமே இல்லை. பேந்துதான் வள்ளத்துக்குப் பக்கத்திலை தண்ணி வெடிச்சு எனக்கு மேலை அடிச்சது. றீல் கத்தத் தொடங்கினது. அவர் கால் ரெண்டையும் அகட்டி நிண்டு பிடிச்சார், வள்ளம் சரிஞ்சுது, நான் குந்திப் பலகையைக் கட்டிப்பிடிச்சன்.

எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. மீன் வள்ளத்துக்குக் கீழாலை போச்சு, திரும்பி வந்துது, பக்கத்திலை மேலை மிதந்துது. அப்பதான் முழுசாக் கண்டன். மாதாவே, அந்தத் தலை! பொய்மீன் வாய்க்குக் குறுக்காலை கிடக்கு, ஒரு கண் என்னையே பாத்துக்கொண்டிருக்கு. அது அவசரப்படேல்லை. வலையை எடுக்கச் சொல்லுவார் எண்டு நான் அவரைப் பாத்தன். முகம் சாம்பலாக் கிடந்தது. அந்தக் குளிருக்கை நெத்தியாலை வேர்வை ஓடுது. வாய் திறந்தபடி, சொல் வரேல்லை.

நெஞ்சு நோகுதோ எண்டு கேட்டன். திரும்பக் கத்திக் கேட்டன். கண் மட்டும் என்ரை பக்கம் வந்து போச்சு. மீன் திரும்பவும் இழுத்துது, அவர் முழங்கால் வள்ளத்தின்ரை விளிம்பிலை மோத முன்னுக்குச் சரிஞ்சார். இந்த மனுசன் இப்ப தண்ணிக்குள்ளை விழப்போறார், நான் இஞ்சை தனிய நிண்டு பாக்கப்போறன். எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. சாமான் பெட்டிக்குள்ளை கிடந்த கத்திரிக்கோலை எடுத்து, எட்டித் தூண்டில் தங்கூசியைப் பிடிச்சு வெட்டினன். பின்னின நூல், முதல் தரம் வழுக்கிச்சுது, ரெண்டாந்தரம் அறுந்துது.

தடி மேலை துள்ள அவர் பின்னாலை இருக்கையிலை விழுந்தார். மீன் கொஞ்ச நேரம் அந்த இடத்திலையே நிண்டுது, தான் விடுபட்டது தெரியாமல். பேந்து வாலைத் திருப்பிக் கீழை போச்சு. நான் ஸ்பிறேயை எடுத்துக்கொண்டு கிட்டப் போக, வேண்டாம் எண்டு முகத்தைத் திருப்பினார். அறுந்த நூலின்ரை நுனியைக் கையிலை எடுத்துப் பாத்தார்.

"ஏன் வெட்டினனீர்?"

"உங்கடை முகம் சரியில்லை. நெஞ்சு நோகேல்லையோ?"

"எனக்கு ஒண்டும் இல்லை."

அவ்வளவுதான். எஞ்சினைக் கிளப்பிக் கரைக்கு விட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் மண்டபத்திலை கோப்பி குடிக்கேக்கை பாத்தா, என்ரை மனுசனைச் சுத்தி ஒரு கூட்டம். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிக்கொண்டு நிக்கிறார். மீன் கிட்ட வந்ததாம், வலைக்கு ஒரு முழம்தானாம், ஜொய்சி பயந்துபோய்க் கயித்தை வெட்டிப்போட்டாவாம். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சினம். அக்னெஸ் அக்கா, உனக்கு இனி நெத்தலிதான் காட்டவேணும் எண்டு பகிடி விட்டா. நானும் சிரிச்சன். வேறை என்ன செய்ய? ஏன் வெட்டினனான் எண்டு சொல்லவேணுமெண்டா இருதயத்தைச் சொல்லவேணும். இருதயத்தைச் சொல்லேலாது. அப்ப நான் மீனுக்குப் பயந்தவதான்.

ஒவ்வொரு கிழமையும் மீன் வளந்துது. முதல் நாலடி, பேந்து நாலரை. கார்த்திகை பிறக்கேக்கை என்ரை தோளளவு வந்திட்டுது. எனக்குப் பேரும் வைச்சாச்சு, கத்திரிக்கோல்காரி. வீட்டிலை அவர் சாப்பிடேக்கையும் போனிலை மஸ்கி வீடியோதான். கார்க் கராஜுக்குள்ளை இருந்து முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார், திரும்பவும் போடுவார். றெஜான் ஒருநாள் வீட்டை வந்து ஆறுதல் சொன்னான். முதல் பெரிய மீனை விடாத ஆள் உலகத்திலை இல்லையாம். தான் விட்டுப்போட்டு வள்ளத்திலை இருந்து அழுதவனாம். மருந்து ஒண்டுதானாம், அடுத்த கிழமையே திரும்பப் போறது. நான் அவனிட்டை, வாயிலை கொழுக்கியோடை போன அந்தச் சீவன் சாகுமோ எண்டு கேட்டன். கம்பி துருப்பிடிச்சு விழுந்திடும் எண்டு சொல்லி என்ரை தோளிலை தட்டினான். நல்ல கிழவன், என்னைக் குறை சொல்லாத ஆள் அவன் ஒருத்தன்தான்.

ஆனா இவர் திரும்பப் போகேல்லை. ஒரு சனி காத்து எண்டார், அடுத்த சனி எஞ்சின் சரியில்லை எண்டார். மூண்டாவது சனி காரணமே சொல்லேல்லை, கதிரையிலையே இருந்தார். மாடிப்படி ஏறேக்கை நடுவிலை நிண்டு போனைப் பாக்கிற மாதிரிப் பாவனை. என்னோடை போக விருப்பமில்லை, அதுதான் போகேல்லை எண்டு நான் நினைச்சன். தனியப் போகப்போறார் எண்ட பயம் எனக்கு அண்டையிலிருந்து பிடிச்சது. விடியப்புறம் முழிப்பு வந்தா முதல் அவற்றை பக்கத்தைத் தடவிப் பாப்பன், ஆள் கிடக்கோ எண்டு. நான் வெட்டினது பிழையோ? நல்லா இருந்த மனுசனை நான்தான் என்ரை பயத்தாலை முறிச்சுப்போட்டனோ?

நாலாவது சனி விடியத் தடவினன். ஆள் இல்லை. வாசலிலை அவற்றை பிக்கப் வாகனமும் இல்லை, வள்ளமும் இல்லை. ஸ்பிறே என்ரை ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளை கிடந்தது. போன் அடிச்சா எடுக்கேல்லை. மெலனி தன்ரை காரிலை வேலைக்குப் போயிட்டாள். ஊபர் ஒண்டைப் பிடிச்சு லஷீனிலை வள்ளம் இறக்கிற இடத்துக்குப் போகச் சொன்னன். அரை மணித்தியாலம் நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். வாவிக்கு நடுவிலை ஆளில்லாமல் ஒரு வள்ளம் மிதக்கிறதை ஒவ்வொரு சிவப்பு லைட்டிலையும் கண்டன்.

போய் இறங்கினா, பிக்கப் கரையிலை நிக்குது. வள்ளம் ட்ரெயிலரிலை கட்டினபடி. ஒரு பட்டியைத்தான் அவிழ்த்திருந்தார். கண்ணாடி ரெண்டையும் இறக்கிவிட்டு, அந்தக் குளிருக்கை வேர்த்துக்கொண்டு ஸ்ரியறிங்கைப் பிடிச்சபடி இருக்கிறார். விடிய ஆறு மணியிலிருந்து அப்பிடியே இருந்தாராம்.

"எனக்குப் பயமாக் கிடக்கு, ஜொய்சி."

வாயைத் திறக்கச் சொல்லி ஸ்பிறேயை அடிச்சன். அம்புலன்சுக்கு அடிக்கப் போனை எடுக்க, என்ரை கையைப் பிடிச்சார். வேண்டாம், சத்தம் போட்டுக்கொண்டு வரும், தெரிஞ்ச ஆர் கண்டாலும் கதை போயிடும் எண்டார். சாகக் கிடக்கேக்கையும் ஊர்க்கதை! அம்புலன்சைத்தான் கூப்பிட்டிருக்கவேணும் எண்டு பேந்து நேர்ஸ் எனக்கு ஏசினவ, அது சரிதான். ஆனா அந்த நேரம் எனக்கு நிண்டு வாதாடப் பயம். அவரைத் தள்ளி இருத்திப்போட்டு நானே பிக்கப்பை ஓடினன். ட்ரெயிலர் கட்டின வாகனம் என்ரை சீவியத்திலை ஓடினதில்லை. ஹைவேயிலை அந்த வள்ளம் பின்னாலை ஆடுது, லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், நான் அருள்நிறை மரியே சொல்லுறன், பக்கத்திலை மனுசன் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். கண்ணை மூடவேண்டாம், மூடவேண்டாம் எண்டு கத்தினன். ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலிலை வள்ளத்தோடை கொண்டுபோய் நிப்பாட்ட, காவல்காரன் ஓடி வந்தான். வாகனத் திறப்பை அவன்ரை கையிலை குடுத்துப்போட்டு உள்ளுக்கு ஓடினன்.

சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டையை வாங்கிக்கொண்டு, அவற்றை நெஞ்சிலை வயரை ஒட்டினபடி நேர்ஸ் கேட்டா, எப்ப தொடங்கின நோ எண்டு. இண்டைக்குக் காலமை எண்டு நான் முந்திச் சொன்னன். அவர் தலையை ஆட்டினார்.

"கத்ர் செமேன்," எண்டார். நாலு கிழமை.

பிரெஞ்சு பிழைச்சுப்போச்சு எண்டு நினைச்சு நான் நேர்சுக்குத் திருத்தப் போனன். அவர் என்ரை சட்டைக்கையைப் பிடிச்சு இழுத்தார்.

"இல்லை ஜொய்சி. மீன் நிக்கேக்கை வந்தது. நீர் கேட்டனீர், எனக்குச் சொல் வரேல்லை. வெட்டும், வெட்டும் எண்டு மனசுக்குள்ளை கத்திக்கொண்டு நிண்டனான். நீர் வெட்டேக்கைதான் எனக்கு மூச்சு வந்தது."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த இடத்திலையே ஒரு அறை குடுத்திருப்பன். அறையிறதுக்கு இடமில்லை, நெஞ்செல்லாம் வயர். நாலு கிழமை! நாலு கிழமை எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்க விட்டுப்போட்டு, கையை விரிச்சு மீனைக் காட்டிக்கொண்டு நிண்ட மனுசன். பேந்து விளங்கிச்சுது. மீனைப் பற்றிக் கதைக்குமட்டும் நெஞ்சைப் பற்றி ஒருத்தரும் கேளாயினம். நானும் கேக்கேல்லையே. கோவம் போய்ப் பயம்தான் மிச்சம் நிண்டுது. நாலு கிழமையா இந்த மனுசன் எனக்குப் பக்கத்திலை படுத்து, விடியுமோ எண்டு பயந்துகொண்டு கிடந்திருக்கிறார்.

குழாய் திரும்பவும் அடைச்சுக்கொண்டு வருது, உடனை உள்ளுக்கு எடுக்கவேணும் எண்டு டொக்டர் வந்து சொன்னா. கட்டிலைத் தள்ள ஆள் வாறதுக்கிடையிலை என்ரை போன் அடிச்சது. அக்னெஸ் அக்கா, நாளைக்குக் கோயில் சாப்பாட்டுக்கு நான் எத்தனை ரோல்ஸ் செய்வன் எண்டு கேக்கிறா. பின்னாலை கேட்ட மெஷின் சத்தத்துக்கு, எங்கை நிக்கிறாய் பிள்ளை எண்டா. என்ன பொய்யைச் சொல்லுறது எண்டு தேடிக்கொண்டு நிண்டன். அவர் ஊசி குத்தின கையை நீட்டிப் போனைக் கேட்டார். நான் குடுக்கேல்லை. கையை மடக்காமல் நீட்டினபடியே வைச்சிருந்தார், குடுத்திட்டன்.

"அக்கா, நான் ஜோன்சன். ஆஸ்பத்திரியிலை கிடக்கிறன். எனக்கு இருதய வருத்தம், மாசியிலையே வந்தது, உங்களுக்குச் சொல்லேல்லை. அந்த மீன்... ஜொய்சி மீனுக்குப் பயந்து வெட்டேல்லை அக்கா. நான் சாகப்போறன் எண்டு கண்டுதான் வெட்டினவ. நான் பொய் சொன்னனான். எல்லாருக்கும் சொல்லுங்கோ."

ஒரு சொல்லையும் விழுங்கேல்லை. போனை என்ரை கையிலை வைச்சிட்டுக் கண்ணை மூடினார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போச்சினம், கதவு ரெண்டும் ஆடி மூடிச்சுது. நான் போனைக் காதிலை வைச்சபடி அந்தக் கதவைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

அக்னெஸ் அக்கா ரோல்ஸ் கதையை விட்டிட்டா. பிறகு, எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாம் மாடி எண்டு மட்டும் கேட்டா. நான் சொன்னன்.